‘நெனோ’ என்று எழுதியிருந்தால் போதுமா?

பசளை முதல் பற்பசை வரை இன்று ‘நெனோ’ என்ற பெயரில் சந்தைக்கு வரும் சரக்குகள் பெருகிவிட்டன. ஒரு மீற்றரை நூறு கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்குதான் நெனோமீற்றர். அவ்வளவு நுணுக்கமாகப் பொருட்களைக் கையாளும் ஆராய்ச்சி பெரிய காரியங்களைச் சாதித்திருப்பது உண்மை. ஆனால் ஆராய்ச்சி வேறு, சரக்கு வேறு. தெமோதரையில் சிறு தேயிலைத் தோட்டக்காரர்களோடு கொடுக்கல் வாங்கல் செய்பவன் என்ற முறையில் இதைப் பற்றி வர்த்தக நண்பர்களோடு பேச விரும்புகிறேன்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டதை நாம் மறக்கவில்லை. அவ்வருடம் ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நெனோ நைதரசன் திரவம் விமானத்தில் வந்தது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது.

500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று ஒரு மூடை யூரியாவுக்கு ஈடாகும் என்பதே இந்தியாவில் அதற்குச் செய்யப்பட்ட விளம்பரம். கணக்குப் பார்ப்போம். 45 கிலோ மூடையில் நைதரசன் 46 வீதம். அதாவது 20 கிலோவுக்கு மேல். போத்தலில் 4 வீதம். அதாவது 20 கிராம். இலை நேரடியாக உறிஞ்சுவதால் கொஞ்சமே போதும் என்பது உற்பத்தியாளரின் விளக்கம். ஆனால் லூதியானாவிலுள்ள பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் நெல்லிலும் கோதுமையிலும் செய்த வயல் ஆய்வில் விளைச்சல் குறைந்ததாகவே முடிவு வந்தது.

அதற்காக நெனோ ஆராய்ச்சியே பொய் என்று சொல்லிவிட முடியாது. நமது நாட்டின் ஸ்லின்டெக் நெனோ தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2017இல் ‘ஏசிஎஸ் நெனோ’ என்ற சர்வதேச சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எலும்பிலும் பல்லிலும் உள்ள ஹைட்ரொக்சிஅபடைட் என்ற கனிமத்தின் நெனோ துகள்களோடு யூரியாவை அவர்கள் பிணைத்தார்கள். அப்போது யூரியா ஒரேயடியாகக் கரைந்தோடாமல் மெதுவாக வெளியேறுகிறது. யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் நெல் விளைச்சல் குறையவில்லை. செயற்கை இடுப்பு மூட்டுகளுக்குப் பூச்சாக மருத்துவர்கள் பயன்படுத்துவதும் இதே கனிமத்தைத்தான். மழை பசளையைக் கழுவிக்கொண்டு போகும் ஊவா மலைச்சரிவுக்கு இது நல்ல செய்தி. எனினும் பரிசோதனை நடந்தது நெல் வயலில். தேயிலைக்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.

அதே 2021இல் நமக்குப் போடப்பட்ட பைசர் தடுப்பூசியிலும் நெனோ அளவுக் கொழுப்புத் துகள்கள் இருந்தன. அதற்கு அடிப்படையான கரிக்கோ, வைஸ்மன் ஆகியோரின் ஆய்வு வெளிவந்தது 2005இல். 43,000க்கும் மேற்பட்டோரிடம் பரிசோதித்த பிறகே ஊசி சந்தைக்கு வந்தது. 2023இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கடையில் இன்டர்நெட் கொண்டுவரும் பைபர் இணைப்பின் கதையும் இதுதான். கண்ணாடியிலுள்ள அழுக்கை நீக்கினால் ஒளி வெகுதூரம் போகும் என்று சார்ள்ஸ் காவ் 1966இல் சொன்னார். 1970இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம் அத்தகைய இழையைச் செய்து காட்டியது. தொலைபேசி அழைப்புகள் அதில் ஓடியது 1977இல்தான்.

ஆகவே புதுச் சரக்கோடு விற்பனைப் பிரதிநிதி வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தப் பயிரில், எந்த மண்ணில் பரிசோதித்தீர்கள்? பரிசோதித்தது விற்பவரா, வேறொருவரா? இலங்கையில் பதிவு உண்டா? தேயிலை என்றால் பசறையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய நிலையத்தில் விசாரிக்கலாம்.

நாம் பசளை கொடுப்பது பெரும்பாலும் கடனுக்கு. கொழுந்து குறைந்தால் அந்தக் கடன் நமது கொப்பியிலேயே நின்றுவிடும். கம்பனிக்குப் போவது ஒரு வாடிக்கையாளர். நமக்குப் போவது பல வருடத்து நம்பிக்கை.