மாவுச்சத்து எந்தச் செடியினுடையது?

சீலியாக் நோய் உள்ள ஒருவருக்காக உணவுப் பொருள் வாங்குவோரைத் தடுமாற வைப்பது, பொட்டலத்தில் 'ஸ்டார்ச்' என்று மட்டும் அச்சிட்டிருக்கும் வரியாகும். அது மக்காச்சோளத்திலிருந்து எடுத்ததாயின் கவலையில்லை. கோதுமையாயின், அதனுடன் ஒட்டிவரும் குளூட்டன் புரதம் சிறுகுடலின் உட்சுவரைப் பாதிக்கக்கூடும்.

அயோடின் பெரும்பாலான மாவுச்சத்துகளை நீலமாக்கும், மூலத்தைச் சொல்லாது. நுண்ணோக்கியில் உருளைக்கிழங்கின் மணிகள் பெரியனவாகவும் முட்டை வடிவிலும், அரிசியின் மணிகள் மிகச் சிறியனவாகவும் தெரியும். ஆனால் வேகவைத்தால் மணிகள் வீங்கிச் சிதைந்து விடுகின்றன.

இங்கேதான் புரதம் துணைக்கு வருகிறது. மாவுச்சத்தைத் தாவரம் உருவாக்கும்போது, அதற்கு உழைத்த நொதி ஒன்று மணிக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. (கட்டிய கொத்தனாரே சுவருக்குள் அகப்பட்டது போல!) எவ்வளவு கழுவினாலும் அது முழுவதும் வெளியேறுவதில்லை. கோதுமை, மக்காச்சோளம், மரவள்ளி ஆகிய ஒவ்வொன்றிலும் அந்நொதியின் அமினோ அமில வரிசை சற்றே வேறுபடும். வெப்பத்தால் நொதியின் மடிப்பு குலைந்தாலும் இவ்வரிசை பெரும்பாலும் நிலைத்திருக்கும். ஆய்வகத்தில் ட்ரிப்சின் கொண்டு அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, நிறை நிறமாலைமானியில் அத்துண்டுகளின் நிறையை அளந்து, எந்தத் தாவரத்துக்கு உரியவை என்று ஒப்பிடுவர்.

குறையும் உண்டு. தூய மாவுச்சத்தில் புரதம் நூற்றில் அரைப் பங்குக்கும் குறைவு. குளுக்கோஸ் பாகு போல முற்றிலும் சிதைத்த பொருள்களில் ஏறக்குறைய எதுவும் எஞ்சாது. மேலும், கோதுமை என்று தெரிவது வேறு, குளூட்டன் எவ்வளவு என்று தெரிவது வேறு. பின்னதற்கு எதிர்ப்புரதங்களைக் கொண்டு செய்யும் எலிசா சோதனையே வழக்கம். 'குளூட்டன் அற்றது' என்று குறிக்க, கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பதே இந்தியாவிலும் உச்ச வரம்பு.

இச்சோதனைகளை வீட்டில் செய்ய இயலாது. உறையைப் படிக்க இயலும். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். ரசத்தில் இடும் ஒரு சிட்டிகைதானே என்று அதை விட்டுவிடாதீர்கள். மாத்திரைகளிலும் மாவுச்சத்து சேர்ப்பதுண்டு. ஐயமிருப்பின் மருந்தாளுநரிடம் அதன் மூலத்தைக் கேளுங்கள். விடை கிடைக்கும் வரை, மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்த வேண்டாம்.