கழுவினார், மீன் செத்தது!

சங்கரன்கோவிலில் என் அக்காள் வீடு இருக்கிறது. வீட்டின் முன் அறையில் ஒரு மீன் தொட்டி. 3 அடி நீளம். அதில் 14 மீன்கள் துள்ளி விளையாடிக் கொண்டிருந்தன.

அத்தான் சுத்தத்துக்குப் பெயர் போனவர். அவருடைய விசைத்தறிக் கூடத்தில் ஒரு நூல் தும்பு கீழே கிடக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மீன் தொட்டியின் பில்டரைக் கழற்றினார். குழாயடிக்குக் கொண்டு போனார். உள்ளே இருந்த பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் கொட்டினார். குழாயைத் திறந்துவிட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பழுப்பு ஏறியிருந்த பஞ்சு, புதுப் பஞ்சு போல் ஆகிவிட்டது.

புதன்கிழமை 2 மீன்கள் செத்து மிதந்தன. வெள்ளிக்கிழமை 5 மீன்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், உயிரோடு இருந்தவை 3 தான்!

அக்காள் மகன் 7-ம் வகுப்புப் படிக்கிறான். போனில் அழுதான்.

"மாமா, அப்பா நல்லாத்தானே கழுவினாங்க? பெறகு ஏன் செத்துச்சு?"

நன்றாகக் கழுவியதால்தான் செத்தது!

அத்தானுக்கு அது தெரியவில்லை. பில்டர்தான் சரியில்லை என்று நினைத்தார். ஆடித்தபசுக்கு நான் ஊருக்குப் போனபோது, "மாப்ளே, இதைவிடப் பெருசா ஒண்ணு வாங்கிருவோம். நீயும் கூட வா" என்றார்.

கடைக்குப் போவதற்கு முன்னால் பில்டர் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

மீன் இரை தின்கிறது. கழிவு விடுகிறது. மிச்ச இரை அழுகுகிறது. இவற்றில் இருந்து அமோனியா உண்டாகிறது. மூத்திர நாற்றம் வருகிற இடத்தில் மூக்கைத் துளைக்கிறதே, அதே அமோனியாதான். மீனின் செவுளை அது எரித்துவிடும்.

தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். ஆனால் அதில் அமோனியா இருக்கும்! கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நம் ஊர் வெயிலில் தண்ணீர் சூடாக இருந்தால் அதன் விஷம் கூடும். காரத்தன்மை உள்ள போர் தண்ணீராக இருந்தால் இன்னும் கூடும்.

இந்த விஷத்தை முறிப்பது யார்? பாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள். கிருமி என்றாலே கெட்டது என்று நினைக்கிறோம். இவை நல்ல கிருமிகள். ஒரு வகை, அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் விஷம்தான். இன்னொரு வகை, அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அதில் ஆபத்து மிகவும் குறைவு. ரஷிய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890-ம் ஆண்டு வாக்கில், மண்ணில் இந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களைப் பிரித்துக் காட்டினார். வயலில் போட்ட சாணத்தைப் பயிருக்கு உரமாக மாற்றித் தருவதும் இந்தக் கூட்டம்தான்.

இவை தண்ணீரில் மிதந்து திரிவதைவிட, எதையாவது பற்றிக்கொண்டு வாழவே விரும்பும். பஞ்சின் துளை, பீங்கான் வளையத்தின் துளை, இவைதான் அவற்றுக்கு வீடு. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.

அத்தான் கழுவியது அழுக்கை மட்டும் அல்ல. அந்தக் குடும்பத்தையே கழுவிவிட்டார். குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். கிருமியைக் கொல்வதற்காகவே அது கலக்கப்படுகிறது. நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று அதற்குத் தெரியுமா?

குளத்துக்குப் பில்டர் உண்டா?

சங்கரநாராயணர் கோவிலில் நாகசுனைத் தீர்த்தம் இருக்கிறது. சங்கன், பதுமன் என்ற நாக அரசர்கள் அதை வெட்டியதாகச் சொல்லுவார்கள். குளங்களுக்கு யார் பில்டர் வைத்தார்கள்? சேறும் செடியும் வெயிலும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. குளத்தில் தண்ணீர் அதிகம், மீன் குறைவு. வீட்டுத் தொட்டியில் தண்ணீர் குறைவு, மீன் அதிகம்!

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞர், ஒரு தொட்டியில் 2 தங்க மீன்களையும் நீர்ச் செடியையும் விட்டுப் பார்த்தார். இலை அழுகித் தண்ணீர் கலங்கியது. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டார். தண்ணீர் தெளிந்தது. இதை 1850-ம் ஆண்டு எழுதி வெளியிட்டார். அவர் விட்டது 2 மீன்கள். நாமோ ஒரு தொட்டியில் 14 மீன்களை விட்டுவிட்டு, இன்னும் 4 வாங்கலாமா என்று பார்க்கிறோம். அதனால்தான் பில்டர் தேவைப்படுகிறது.

கேனிஸ்டர் பில்டர் என்பது மூடி போட்ட ஒரு வாளி போன்றது. தொட்டிக்கு வெளியே, ஸ்டாண்டின் கீழே உட்கார்ந்திருக்கும். ஒரு குழாய் தொட்டித் தண்ணீரைக் கீழே கொண்டு வரும். பஞ்சு, வளையங்கள் வழியாகத் தண்ணீர் போகும். மூடியில் உள்ள சின்ன மோட்டார் அதை இன்னொரு குழாய் வழியாக மேலே தள்ளும். ஜெர்மனியின் ஏகைம் நிறுவனம் 1960-களில் இத்தகைய பில்டரைக் கொண்டு வந்தது. இன்று பல நாடுகளில் செய்கிறார்கள்.

பெட்டி எப்போதும் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். பக்கத்து மேஜையில் வைத்தால் வேலை செய்யாது.

கடையில் நடந்தது

திருநெல்வேலியில் ஒரு கடைக்குப் போனோம். அட்டைப் பெட்டிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒன்றில் மணிக்கு 1000 லிட்டர் என்று போட்டிருந்தது. இன்னொன்றில் 1400. அத்தானின் கை 2000-க்குப் போயிற்று.

"உங்கள் தொட்டி எத்தனை லிட்டர் அத்தான்?" என்று கேட்டேன்.

"3 அடி" என்றார்.

அடிக் கணக்கு போதாது. லிட்டர் கணக்கு வேண்டும். இது சுலபம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்குங்கள். 1000-ஆல் வகுங்கள். அத்தான் தொட்டி 90, 40, 45. பெருக்கி வகுத்தால் 162 லிட்டர். மேலே கொஞ்சம் காலி இடம், கீழே மணல், கல். இவற்றைக் கழித்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் சுமார் 130 லிட்டர்.

ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் 4 அல்லது 5 முறை பில்டருக்குள் போய் வந்தால் போதும். 130 லிட்டருக்கு 650 லிட்டர் வரை. தங்க மீன் அதிகம் தின்னும், அதிகம் கழிவு விடும். அதற்குக் கொஞ்சம் கூடுதல் வேண்டும். ஏஞ்சல், பைட்டர் போன்ற மீன்கள் வேகமான நீரோட்டத்தைத் தாங்காது. அவற்றின் தொட்டியில் 2000-ஐ வைத்தால், மீன் நாள் முழுவதும் எதிர்நீச்சல் போட்டே களைத்துவிடும்!

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். அது பொய் அல்ல. ஆனால் பெரும்பாலும் பஞ்சும் வளையமும் இல்லாமல் மோட்டார் தள்ளும் அளவு அது. பஞ்சை அடைத்து, குழாயை மாட்டி, அழுக்கும் சேர்ந்த பிறகு ஓட்டம் குறையும். பாதியாகக்கூடக் குறையலாம். ஆகவே 650 வேண்டுமானால், 1000 என்று போட்டதை வாங்குவது சரி.

ஏற்கெனவே பில்டர் வைத்திருக்கிறீர்களா? அது உண்மையில் எவ்வளவு தள்ளுகிறது என்று நீங்களே பார்க்கலாம். தண்ணீர் வரும் குழாயை, தொட்டியின் மேல் மட்டத்திலேயே ஒரு 10 லிட்டர் வாளியில் விடுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். வாளி 1 நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 600 லிட்டர். இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தோம். மருமகன்தான் கடிகாரம் பார்த்தான். அத்தானின் பழைய பில்டர் 50 விநாடியில் வாளியை நிரப்பியது. அதாவது மணிக்கு 720 லிட்டர்!

"அப்போ இது நல்ல பில்டர்தானா?" என்று அத்தான் என்னைப் பார்த்தார். கையில் இருந்த 2000-ஐ மெதுவாக அடுக்கில் வைத்தார்.

வாங்கத்தான் வேண்டும் என்பவர்கள், லிட்டருக்கு அடுத்தபடியாக மூடியைத் திறந்து பாருங்கள். பஞ்சும் வளையமும் வைக்க உள்ளே இடம் எவ்வளவு? மோட்டார் பெரிதாக இருந்து இடம் சின்னதாக இருந்தால் பயன் இல்லை. பாக்டீரியா மோட்டாரில் குடியிருப்பது இல்லை. தட்டுகள் தனித்தனியாகத் தூக்கும்படி இருக்கிறதா? குழாய்களைத் தண்ணீர் சிந்தாமல் கழற்ற அடைப்பான் இருக்கிறதா? கழற்றுவது சிரமம் என்றால் வீட்டில் யாரும் கழற்ற மாட்டார்கள். 6 மாதம் அழுக்கு அப்படியே கிடக்கும்.

மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது தேய்ந்தால் இரவோடு இரவாகத் தொட்டித் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிடும். அந்த வளையமும், மோட்டாருக்குள் சுழலும் சின்ன விசிறியும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். "கிடைக்காது" என்று சொன்னால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

கரண்டு செலவு பெரிது இல்லை. 15 வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினால் மாதம் 11 யூனிட்டுக்கும் குறைவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி சுமார் 54 லிட்டர்தான். அதற்குக் கேனிஸ்டர் வேண்டாம்! காற்று மோட்டாரில் ஓடும் பஞ்சு பில்டர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கப்பி குட்டி போட்டால், குட்டிகளை அது உறிஞ்சாது. கேனிஸ்டருக்குச் சில ஆயிரம் ஆகும். அந்தப் பணத்தில் தொட்டியைப் பெரிதாக்கலாம்.

கரண்டு போனால்?

நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வெளிநாட்டில் இதைப்பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவது இல்லை.

2012-ம் ஆண்டில் நாம் பட்ட பாடு மறந்திருக்காது. தறியும் நின்றது, மாவு மில்லும் நின்றது. இப்போது அவ்வளவு இல்லை. ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு பகல் முழுக்கக் கரண்டு நிற்பது உண்டு.

கேனிஸ்டர் மூடிய பெட்டி. மோட்டார் நின்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் அப்படியே நிற்கும். நல்ல பாக்டீரியாவுக்கு மூச்சுவிடப் பிராணவாயு வேண்டும். உள்ளே இருப்பது கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். பிறகு அந்தக் கூட்டம் சாகத் தொடங்கும். அழுக்கும் அழுகும். பல மணி நேரம் கழித்துக் கரண்டு வருகிறது. மோட்டார் தானாக ஓடுகிறது. அந்த நாற்றத் தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் பாய்கிறது!

என்ன செய்வது? கரண்டு போய் ஒன்றிரண்டு மணி நேரம் ஆகிவிட்டால், முதலில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். கரண்டு வந்ததும் உடனே போடாதீர்கள். மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டுங்கள். பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசுங்கள். பிறகு ஓட விடுங்கள். கரண்டு இல்லாத நேரத்தில் இரை போட வேண்டாம். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, உயரத்தில் இருந்து திரும்ப ஊற்றுங்கள். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் கிடைக்கிறது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் பில்டரை அதில் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கடையில் அத்தான் கடைசியில் வாங்கியது அந்தப் பேட்டரி மோட்டார் ஒன்று, மூடிக்கு ஒரு ரப்பர் வளையம். மிச்சப் பணத்துக்கு எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

வாளிக் கழுவல்

பில்டரைக் கழுவவே கூடாதா என்று கேட்பீர்கள். கழுவ வேண்டும். கழுவுகிற தண்ணீர்தான் வேறு. தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டு கொள்ளுங்கள். முரட்டுப் பஞ்சை அதில் இரண்டு மூன்று முறை பிழியுங்கள். பழுப்பு நிறம் முழுவதும் போக வேண்டியது இல்லை. பீங்கான் வளையங்களை லேசாக அலசினால் போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். சோப்பு கூடவே கூடாது. தொட்டியில் கையை விடுவதற்கு முன் சுவிட்சை அணையுங்கள். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

உவர்ப்புத் தண்ணீர் உள்ள வீடுகளில் மோட்டார் விசிறியில் வெள்ளையாகக் காரை படியும். கரகரவென்று சத்தம் வருவது பெரும்பாலும் அதனால்தான். விசிறியை மட்டும் கழற்றி வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்து, நன்றாக அலசிவிட்டு மாட்டலாம்.

அத்தான் வீட்டில் மிச்சம் இருந்த 3 மீன்களும் பிழைத்துவிட்டன. 6 வாரம் வரை புது மீன் வாங்கவில்லை. இரையைப் பாதியாகக் குறைத்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொஞ்சம் தண்ணீர் மாற்றினார்கள். புதுத் தண்ணீரை ஒரு நாள் முன்பே பிடித்துத் திறந்து வைத்தார்கள். பிறகு 2 மீன்கள் வந்தன. அடுத்த மாதம் இன்னும் 2. இப்போது 7 இருக்கின்றன.

பில்டர் கழுவுகிற வேலை இப்போது மருமகனுடையது. அத்தானை வாளிப் பக்கமே அவன் விடுவது இல்லை. கழுவிய தண்ணீரை என் அக்காள் கீழே கொட்ட விடுவது இல்லை. நைட்ரேட் உள்ள தண்ணீர் அல்லவா? சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் பேர்போன ஊர். வாசலில் அக்காள் ஒரு பிச்சிக் கொடி வைத்திருக்கிறாள். அந்தத் தண்ணீர் முழுவதும் அதற்குத்தான் போகிறது.