கிறீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

ஏறாவூரில் ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டால், உடுப்பு, நகை என்ற பேச்சோடு பெண்ணின் முகத்துக்கு எந்தக் கிறீம் என்ற பேச்சும் சேர்ந்துகொள்கிறது. கட்டாரில் இருக்கும் மாமா வரும்போது கொண்டுவரட்டும் என்பார் ஒருவர். கைபேசியில் வந்த விளம்பரத்தைக் காட்டி, கூரியரில் எடுக்கலாம் என்பார் இன்னொருவர். தங்க நிறப் பெட்டி, கனத்த கண்ணாடிக் குப்பி, பல ஆயிரம் ரூபாய் விலை. இவ்வளவு காசு கொடுத்து வாங்குவதில் கெடுதி இருக்காது என்று மனம் தானாகவே நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கை தவறு. விலை, பாதுகாப்புக்கு அத்தாட்சி அல்ல.

நல்ல முகக் கிறீம் ஒன்றில் பெரும்பங்கு தண்ணீர், கிளிசரின், ஏதாவது எண்ணெய் அல்லது மெழுகு, சிலிக்கோன். தோலின் ஈரத்தைப் பிடித்துவைத்து மென்மை தருபவை இவைதான். மலிவான டப்பாவிலும் விலைகூடிய குப்பியிலும் இவை இருக்கும். வேலை செய்யும் மூலப்பொருட்கள் இவற்றுக்குள் சிறிதளவே சேர்க்கப்படுகின்றன. நியாசினமைட் விட்டமின் பி3இன் ஒரு வடிவம். 2 முதல் 5 சதவீதம் வரை இருந்தால் கரும்புள்ளி மெல்ல மங்கவும் தோலின் காப்பு வலுப்படவும் உதவும். ரெட்டினோல் விட்டமின் ஏ குடும்பம். சுருக்கங்களைக் குறைக்கும், ஆனால் எரிச்சலும் தரும். கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் முகத்துக்கான கிறீம்களில் ரெட்டினோலை 0.3 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஹையலூரோனிக் அமிலம் தண்ணீரைப் பிடித்துவைப்பது, அவ்வளவுதான். இவை எதுவும் ஒரு வாரத்தில் முகத்தை மாற்றாது. நேர்மையான மூலப்பொருள் பலன் காட்ட இரண்டு, மூன்று மாதங்கள் எடுக்கும்.

டப்பாவின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். அதிகமாக உள்ள பொருள் முதலில், குறைந்தது பிறகு என்ற ஒழுங்கில் அது எழுதப்படுகிறது. ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். பல கிறீம்கள் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பீனொக்சிஎத்தனோல் என்ற பொருளுக்கு ஐரோப்பாவில் உச்சவரம்பு ஒரு சதவீதம். ஆகவே பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். அதற்குப் பின்னால் வரும் முத்துத் தூள், தங்கத் துகள், அபூர்வப் பூவின் சாறு எல்லாம் ஒரு சதவீதத்தையும் தாண்டாதவை. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டு விலையை ஏற்றுவது பெரும்பாலும் அவற்றைத்தான்.

இதில் நட்டம் காசோடு போய்விடும். உடம்பைக் கெடுக்கும் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: ஏழு நாளில் வெள்ளை என்று வாக்குக் கொடுக்கும் கிறீமில்.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாக ஒரு நொதியம் வேண்டும். பாதரசம் அந்த நொதியத்தை முடக்கிவிடும். முகம் விரைவாக வெளுக்கும், பூசியவருக்கும் சந்தோஷமாக இருக்கும். பாதரச உப்பு மலிவானது என்பதால்தான் தயாரிப்பவர்கள் அதை விடுவதில்லை. தோல் வழியாக உள்ளே போகும் பாதரசம் சிறுநீரகத்தில் சேர்கிறது. கர்ப்பிணியானால் வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் போகிறது. தலையணை, துவாய் வழியாகவும் காற்றில் கலக்கும் ஆவி வழியாகவும், கிறீமே பூசாத குழந்தைகளும் பாதிக்கப்படுகிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கலில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக வைத்தியர்கள், சிறுநீரில் புரதம் கசிந்து கால் வீங்கும் ஒருவகை நோயோடு வந்தவர்களைக் கூர்ந்து பார்த்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரை 22 பேர். அவர்களில் 15 பேருக்கு நெல்-1 என்ற புரதத்தோடு தொடர்புடைய அரிதான வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர், நோய் தொடங்குமுன் வெள்ளையாக்கும் கிறீம் பூசியதாகச் சொன்னார்கள். கிறீமை நிறுத்தியதும் பெரும்பாலானோர் தேறினர். முகத்தில் பூசியது காலை வீங்கவைக்கும் என்று யாருக்குத் தோன்றும்? வைத்தியர் கேட்டிராவிட்டால் அவர்களும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பாகிஸ்தானின் காலநிலை மாற்ற அமைச்சு 59 கிறீம்களைச் சோதித்தபோது மூன்று மட்டுமே பாதரச வரம்புக்குள் இருந்தன. பிரபலமான பெயர் இருந்தால் போதும் என்பவர்களுக்கு இன்னொன்று. 2019இல் அமெரிக்காவின் சாக்ரமெண்டோவில் ஒரு பெண், மெக்சிகோவிலிருந்து வந்த, பெயர்பெற்ற நிறுவனத்தின் லேபிள் ஒட்டிய கிறீமைப் பூசி நினைவிழந்தார். வேறு யாரோ அதில் பாதரசச் சேர்மத்தைக் கலந்திருந்தார்கள்.

பாதரசம் இல்லையென்றால் ஸ்டீரோய்ட். குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் போன்றவை வைத்தியர் சொல்லும் இடத்தில், சொல்லும் நாளுக்கு மட்டும் பூச வேண்டிய மருந்துகள். மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், சிறு இரத்தக்குழாய்கள் வெளியே தெரியும், பரு கிளம்பும், வெயிலில் முகம் எரியும். நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடும். அதைப் பொறுக்கமுடியாமல் திரும்பவும் அதே டப்பாவைத் தேடுவார்கள். அப்படித் தேடுபவரைக் குறைசொல்லாமல் தோல் வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும்.

பாதரசம் கலந்தவர் அதை லேபிளில் எழுதப்போவதில்லை. எழுதினாலும் கலோமெல், மெர்க்குரஸ் குளோரைட், மெர்க்குரியோ என்று வேறு பெயர்களில் ஒளித்துவைப்பார். வெள்ளி, தங்கம், அலுமினியம் மேல் படவிடாதீர்கள் என்று எச்சரிக்கை இருந்தால் சந்தேகப்படுங்கள். மூலப்பொருள் பட்டியலே இல்லாத டப்பா, பார்லரில் கலந்து பெயரில்லாமல் தரும் 'நைட் கிறீம்' இரண்டையும் தொடவே வேண்டாம்.

சட்டம் நம் பக்கம்தான் நிற்கிறது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையை இலங்கை 2017இல் ஏற்றது. பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் எவ்வளவு சிறிய அளவாயினும் 2025க்குப் பிறகு கூடாது என்று, 2023இல் ஜெனீவாவில் கூடிய அதன் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. உள்ளூரில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டு தரவேண்டும். கேட்க வெட்கப்படுகிறோம், தெரிந்தவர் கடை என்று விட்டுவிடுகிறோம். பிறகு முறையிட நினைக்கும்போது கையில் எந்தச் சான்றும் இருப்பதில்லை. இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உச்ச சில்லறை விலை, காலாவதித் திகதி இருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லாத டப்பா முறையான வழியில் நாட்டுக்குள் வந்ததா என்பதே சந்தேகம்.

பொருள் குறைபாடானது என்றால் வாங்கி மூன்று மாதங்களுக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். விசாரித்து, பணத்தைத் திருப்பித் தரவோ, பொருளை மாற்றிக்கொடுக்கவோ, நட்டஈடு கொடுக்கவோ வியாபாரிக்கு உத்தரவிட அதற்கு அதிகாரமுண்டு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம். கைபேசியில் வாங்கியவர்கள் விளம்பரம், விற்றவரோடு பேசிய செய்திகள், பணம் கொடுத்த சான்று எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். அந்தப் பக்கம் நாளைக்கே மறைந்துவிடலாம். மாமாவின் பெட்டியில் வந்த கிறீமுக்கு இங்கே பதில்சொல்ல ஆளில்லை. அன்பாகக் கொண்டுவந்தது என்பதற்காக அதைப் பூசவேண்டிய கட்டாயமும் இல்லை.

காலையில் கண்ணிமை வீக்கம், கால் வீக்கம், சிறுநீரில் நுரை, கை நடுக்கம், தூக்கமின்மை. கிறீம் பூசுபவருக்கு இவற்றில் ஏதாவது வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஏறாவூர் ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ போங்கள். டப்பாவையும் கொண்டுபோங்கள். கேட்காவிட்டாலும் கிறீம் பற்றி நீங்களே சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் பாதரசத்தின் அளவு தெரியும்.

முகத்தில் கருந்திட்டு இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது சன்ஸ்கிறீமும் குடையும். நம் ஊர் வெயிலில் இந்த இரண்டும் இல்லாமல் எந்த விலைகூடிய கிறீமும் நிற்காது.

சந்தேகமான டப்பாவை எரிக்காதீர்கள், ஆவி வீட்டிலுள்ள எல்லோருக்கும் போகும். வாவியிலோ வடிகானிலோ வீசவும் வேண்டாம். சேற்றிலுள்ள பக்டீரியாக்கள் பாதரசத்தை இன்னும் கொடிய மீத்தைல் பாதரசமாக மாற்றும், அது மீனில் ஏறும். இறுக மூடி, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முறைப்பாட்டுக்கு அதுவே உங்கள் சான்றுப்பொருள்.