கிரான்ட் கிரீனும் கம்பியின் அதிர்வும்

இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண்ணை அதன் நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை ஆகிய மூன்றும் முடிவு செய்கின்றன. வாசிப்பவரின் விரல் நீளத்தை எளிதில் மாற்றும். இழுவிசையைச் சிறிதளவே மாற்றும். நிறையைத் தொடவே இயலாது. இத்துணைக் குறுகிய உரிமையை வைத்துக்கொண்டு ஜாஸ், புளூஸ், ஃபங்க் ஆகிய மூன்று இசைநடைகளிலும் தடம் பதித்தவர் அமெரிக்கக் கிதார்க் கலைஞர் கிரான்ட் கிரீன். 1935-இல் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்து 1979-இல் மறைந்தவர்.

கிதாருக்கு இயல்பிலேயே ஒரு குறை உண்டு. மீட்டியவுடன் உச்சம் தொடும் அதிர்வு அப்போதே தேயத் தொடங்கிவிடும். சாக்சபோனிலோ மூச்சுள்ளவரை ஒலி நிற்கும். கிரீன் முன்மாதிரியாகக் கொண்டது சார்லி பார்க்கர் போன்ற சாக்சபோன் கலைஞர்களைத்தான். பல கம்பிகளை ஒருசேர மீட்டுவதைப் பெரும்பாலும் தவிர்த்து, ஒற்றைச் சுரங்களைக் கோத்தே வாசித்தார். நீட்டிப் பிடிக்க இயலாத சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டினார். ஒரே சிறு தொடரைக் கேட்போர் பொறுமையின் எல்லைவரை அடுக்கிவிட்டு, சட்டென விடுவிப்பார். கம்பியின் குறையே அவர் கையில் உத்தியாயிற்று என்பேன்.

மின்கிதாரில் எஃகுக் கம்பியின் அடியில் காந்தமும் செப்புச் சுருளும் உள்ளன. கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. ஒலிபெருக்கியில் தாழ்ந்த அதிர்வெண்களையும் உயர்ந்தவற்றையும் குறைத்து, இடைப்பட்டவற்றையே கிரீன் ஓங்கச் செய்தார் என்பது கிதார்க் கலைஞர் ஜார்ஜ் பென்சன் வழி வந்த செய்தி. கிரீன் பெரிதும் வாசித்தது ஆர்கன் இசைக்குழுக்களில். அங்கே அடித்தளத்தை ஆர்கனும் உச்சியைத் தாளத்தட்டுகளும் நிரப்பிவிடும். நடுவில்தான் இடம் கிடைக்கும்.

புளூஸின் சுவை சுரங்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய நெகிழ்வில் இருக்கிறது. கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினால் இழுவிசை கூடி ஒலி உயரும். ஆயினும் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கே நேர்விகிதத்தில் அமைவதால், ஒரு முழுச்சுரம் உயர்த்த, அதாவது அதிர்வெண்ணை ஏறத்தாழ 12 விழுக்காடு கூட்ட, இழுவிசை 26 விழுக்காடு மிகவேண்டும். விரல்நுனியில் காய்ப்பு ஏற இதுவும் ஒரு காரணம்.

ஃபங்க் இசையில் ஒலியை எழுப்புவதைவிட அடக்குவதே அரிது. நிமிடத்துக்கு 100 தட்டுகள் விழும் நடையில், ஒரு தட்டின் காற்பகுதி 0.15 நொடியே. அதற்குள் சுரம் பிறக்கவும் வேண்டும், மடியவும் வேண்டும். இடக்கை விரலைக் கம்பியிலிருந்து முழுதும் எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் அதிர்வு அவிந்துவிடும்.

கிரீனின் பிற்கால ஃபங்க் இசைத்தட்டுகளை வணிகச் சரக்கென ஒதுக்கியோர் உண்டு. அத்தீர்ப்பு எனக்கு உடன்பாடன்று. 1963-இல் பதிவான ‘ஐடில் மோமென்ட்ஸ்’ ஜாஸ் தட்டின் தலைப்பு உருப்படி ஏறத்தாழ 15 நிமிடம் நீண்டுவிட, அதற்கு இடம் தரப் பிறவற்றைச் சுருக்கி மீண்டும் பதிவு செய்ய நேர்ந்தது. ஃபங்க் தட்டான ‘அலைவ்!’ 1970-இல் நியூவார்க்கின் இரவு விடுதியொன்றில் மக்கள் முன்னிலையில் பதிவானது. ஐயமுள்ளோர் இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுக.