630 ரூபாய் பர்மிட், 25,700 ரூபாய் நாள்: வேக்கோ டேங்க்ஸ் பயணத்துக்கு பட்ஜெட் போடுவது எப்படி?

வெளிநாட்டுப் பயணத்துக்கு பட்ஜெட் போடச் சொன்னா நம்மில் பலர் முதலில் திறக்கிறது ஃப்ளைட் டிக்கெட் ஆப்பைத்தான். பெரும்பாலான ஊருக்கு அது சரி. ஆனா தினமும் இத்தனை பேர்தான்னு கணக்கு வச்சு உள்ளே விடுற இடத்துக்குப் போகும்போது அந்த வரிசையே பணத்தைக் கரைச்சிடும்.

அதுக்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் டெக்சாஸில் இருக்கிற வேக்கோ டேங்க்ஸ். எல் பாசோ நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். பாலைவனத்துக்கு நடுவில் நிற்கிற பாறைக் குன்றுகள். கயிறு இல்லாமல், கீழே கிராஷ் பேட் விரிச்சுப் பாறை ஏறுற போல்டரிங்குக்கு உலக அளவில் பேர் வாங்கிய இடம். ஏறும் தடங்களின் கடினத்தை இன்னைக்கு உலகம் முழுக்க அளக்கிற வி-ஸ்கேலை ஜான் ஷெர்மன் உருவாக்கியது இங்கேதான். ஹம்பியில் ஏறிப் பழகினவங்க பலருக்கு இது ஒரு கனவு.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

'வேக்கோ'ன்னா ஸ்பானிஷில் குழி. பாறைக் குழிகளில் மழைத்தண்ணி தேங்கும். பாலைவனத்தில் தண்ணி இருக்கிற இடத்துக்கு மனுஷன் வராமல் இருப்பானா? பல நூறு வருஷமா வந்தவங்க பாறையில் ஓவியங்கள் தீட்டினாங்க. முகமூடி ஓவியங்கள் மட்டும் 200-க்கு மேல் இருக்கு. இங்கே வாழ்ந்த பூர்வகுடிகளின் வழித்தோன்றல்களுக்கு இது இன்னைக்கும் புனிதமான இடம். அதைக் காப்பாத்தத்தான் 1998-லிருந்து விதிகள் இறுக்கமாச்சு:

- நார்த் மவுண்டன் பகுதியில் வழிகாட்டி இல்லாமல் போகலாம். ஆனா ஒரு நேரத்தில் 70 பேர்தான்.
- மற்ற பகுதிகளுக்கு வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். தனியார் வழிகாட்டின்னா தலைக்கு இவ்வளவுன்னு தனிச் செலவு.
- உள்ளே போகும் முன் விதிகளை விளக்கும் வீடியோவைப் பார்த்தே ஆகணும்.
- குளிர்காலத்தில் மாலை 6 மணிக்கு கேட் மூடிடும்.

கோடையில் வெயில் கொளுத்தும். டிசம்பர், ஜனவரியில் பகலில் 14 டிகிரி, ராத்திரி 0 டிகிரியை ஒட்டி இறங்கும். குளிர்ந்த பாறையில்தான் கை நல்லா பிடிக்கும். அதனால எல்லாரும் ஒரே சீசனில் வர்றாங்க, பர்மிட்டுக்குப் போட்டி.

இப்போ கணக்குக்கு வருவோம்

28 நாள் பயணம், 4 நண்பர்கள், ஒரு வாடகைக் கார். டாலர் 90 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒருத்தருக்கு ஒரு மாதிரி பட்ஜெட்:

- விசா கட்டணம் 185 டாலர்: 16,650
- விமானம்: 1,30,000
- கார், பெட்ரோல் பங்கு: 50,000
- தங்குமிடம்: 45,000
- சாப்பாடு: 50,000
- இன்சூரன்ஸ்: 12,000
- பார்க், வழிகாட்டி, கிராஷ் பேட் வாடகை: 38,350
- 6 நாள் சம்பளப் பிடித்தம்: 18,000

மொத்தம் 3,60,000 ரூபாய்.

கடைசி வரியைப் பலர் பட்ஜெட்டில் எழுதவே மாட்டாங்க. 28 நாள்னா 20 வேலை நாள். கையில் 14 நாள் லீவ் இருந்தா மீதி 6 நாள் எல்ஓபி. மாசம் 90,000 சம்பளத்துக்கு ஒரு நாள் 3,000. உங்க கம்பெனியில் சாண்ட்விச் லீவ் விதி இருந்தா நடுவில் வர்ற சனி, ஞாயிறும் எல்ஓபியில் சேரும். ஹெச்ஆர் கிட்ட முன்னாடியே கேட்டு, ஈமெயிலில் பதில் வாங்கி வச்சுக்கோங்க.

இந்த 28 நாளில் பயணத்துக்கும் ஜெட் லேக்குக்கும் 4 நாள் போச்சு. மீதி 24. ரெண்டு நாள் ஏறினா ஒரு நாள் விரல்களுக்கு ஓய்வு வேணும். அப்போ 16. வானிலைக்கு 2 கழிச்சா 14.

3,60,000-ஐ 14 ஆல் வகுத்தா, ஏறுகிற ஒரு நாளின் விலை சுமார் 25,700 ரூபாய். பர்மிட் 9 நாளுக்குத்தான் கிடைச்சதுன்னா? அதே செலவு, ஆனா ஒரு நாள் 40,000 ரூபாய். பார்க் நுழைவுக் கட்டணம் வெறும் 7 டாலர், அதாவது 630 ரூபாய். அந்த 630 ரூபாய் சீட்டை முன்கூட்டி ரிசர்வ் பண்ணாம விட்டா நஷ்டம் 630 இல்ல, ஒரு முழு நாளின் விலை.

அப்போ வரிசை எப்படி இருக்கணும்?

1. விசா. இது இல்லாமல் எதுவும் இல்லை. இன்டர்வியூ தேதிக்கே மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். கட்டணமும் திரும்ப வராது.
2. லீவ் அப்ரூவல். எழுத்தில்.
3. பர்மிட், கேம்ப் ரிசர்வேஷன். உங்க தேதிகளுக்கு ரிசர்வேஷன் திறக்கிற நாளை காலண்டரில் குறிச்சு வைங்க.
4. ஃப்ளைட். ரிசர்வேஷன் திறக்கும் முன்னாடியே வாங்கித்தான் ஆகணும்னா தேதி மாத்த முடிகிற டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுங்க. அது வீண் செலவு இல்ல.

சனி, ஞாயிறு அங்கேயும் கூட்டம். திங்கள் முதல் வியாழன் வரை ஏறுங்க, வார இறுதியில் ஓய்வெடுங்க. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தைத் தவிர்த்தா பர்மிட்டும் சுலபம், டிக்கெட்டும் மலிவு.

பணம் மிச்சம் பிடிக்கிற இடங்கள்

ஆண்டு பாஸ்: டெக்சாஸ் ஸ்டேட் பார்க்ஸ் பாஸ் வாங்கலாம். அதே காரில் வர்றவங்களுக்கும் சேர்த்து நுழைவுக் கட்டணம் கிடையாது. 4 பேர் ஒரே காரில்னா போட்ட காசு சீக்கிரமே வந்திடும். ஆனா பாஸ் இருந்தாலும் ரிசர்வேஷன் தனியா பண்ணணும். கட்டணங்கள் மாறலாம், வாங்கும் முன் ஒரு முறை சரிபாருங்க.

கார்டு: பல கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% மார்க்கப், அதுக்கு மேல் 18% ஜிஎஸ்டி. 1 லட்சம் செலவுக்கு 4,130 ரூபாய் போகும். மார்க்கப் குறைவான கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ எடுத்துக்கோங்க.

டிசிஎஸ்: 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டில் எல்ஆர்எஸ் வழியா 10 லட்சம் வரை அனுப்பினா டிசிஎஸ் கிடையாது. ஆனா ஏஜென்சியின் வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் உண்டு. அது தொலைஞ்ச பணம் இல்ல, ஐடிஆரில் கிரெடிட் எடுக்கலாம். அதுவரை முடங்கிக் கிடக்கும், அவ்வளவுதான்.

வாடகைக் கார்: 25 வயசுக்குக் கீழே இருந்தா தினமும் கூடுதல் கட்டணம் போடுவாங்க. குழுவில் 25 தாண்டினவர் பேரில் எடுத்து அவரே ஓட்டட்டும்.

மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே இடம்

இன்சூரன்ஸ். பல டிராவல் பாலிசிகளில் பாறை ஏற்றம் 'கவர் ஆகாது' பட்டியலில் இருக்கும். கணுக்கால் முறிஞ்சு அமெரிக்க ஆஸ்பத்திரியில் சேர்ந்தா, பில் மொத்தப் பயணச் செலவையும் தாண்டலாம். அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ் கவர் சேர்த்து வாங்குங்க. கயிறு இல்லாத போல்டரிங்கும் அதில் அடங்குமான்னு எழுத்தில் கேளுங்க.

பணத்தை எங்கிருந்து எடுக்கிறது?

18 மாசத்துக்கு மாசம் 20,000. ஆர்டி அல்லது லிக்விட் ஃபண்ட் போதும். தேதி குறிச்ச செலவுக்கு ஷேர் மார்க்கெட் ரிஸ்க் வேண்டாம். 6 மாச எமர்ஜென்சி ஃபண்ட் தனியா இருக்கணும், அதைத் தொடாதீங்க.

பர்சனல் லோன்? 3.6 லட்சம், 14% வட்டி, 3 வருஷம்னா இஎம்ஐ சுமார் 12,300. வட்டி மட்டும் ஏறக்குறைய 83,000 ரூபாய், அதாவது மூணு நாள் ஏறுற செலவு. அதுக்குப் பதிலா ஒரு சீசன் தள்ளிப் போங்க. பாறை அங்கேயேதான் இருக்கும். அதுக்காகத்தானே அவ்வளவு விதியும்.