'எஞ்சாயி எஞ்சாமி'க்கும் 200 வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலக் கவிஞர்களுக்கும் என்ன சம்பந்தம்? மாமல்லபுரம் கரையிலிருந்து ஒரு கதை

மாமல்லபுரம் கடலுக்கு அடியில் ஒரு மனிதர் நடந்து போகிறார். தண்ணீர் அவரைத் தொடவே தொடாது, அப்படி ஒரு சாபம். ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் பழைய நகரத்துக்குள் நுழைந்து, அங்கே சிறைப்பட்டுக் கிடக்கிறவரை மீட்கப் போகிறார்.

ஏதோ புதுசா வரப்போற ஃபேன்டஸி படத்தோட கதைன்னு நினைச்சுடாதீங்க. 1810-ல் லண்டனில் வெளியான 'தி கர்ஸ் ஆஃப் கெஹாமா' என்ற நீண்ட கவிதையில் வரும் காட்சி இது. எழுதியவர் ராபர்ட் சவுத்தி. 1813-ல் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் ஆனவர். வாழ்நாளில் ஒரு தடவைகூட இந்தியா வந்ததில்லை.

அப்புறம் எப்படி மாமல்லபுரம்? வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1770-களில் இங்கே வந்து பார்த்துவிட்டு, கடல் கொண்ட கோயில்கள் பற்றி உள்ளூரில் சொன்ன கதைகளையும் சேர்த்து எழுதிய கட்டுரை 1788-ல் அச்சானது. அதைப் படித்துத்தான் சவுத்தி கவிதை கட்டினார். இந்தக் கரையில் அன்று வலை இழுத்துக்கொண்டிருந்தவரிடமோ, உள்ளே கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவரிடமோ அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்க வழியும் இல்லை.

சரி, 'தெருக்குரல்' ஆல்பத்தை இயர்போனில் கேட்டுக்கொண்டே ரயிலில் செங்கல்பட்டு போகிற காலேஜ் பையனுக்கும் இந்தச் சவுத்திக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கு. ஒத்துப்போகிற இடங்களும் உண்டு, அடியோடு முரண்படுகிற இடங்களும் உண்டு.

'ரொமான்டிக்' என்றால் காதல் கவிதையா?

பெயரைக் கேட்டதும் ரோஜாப்பூவும் நிலாவும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இலக்கியத்தில் ரொமான்டிக் இயக்கம் என்பது வேற விஷயம். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் தொழிற்சாலைகள் முளைக்கின்றன, பிரான்ஸில் புரட்சி வெடிக்கிறது. அந்த நேரத்தில் கொஞ்சம் இளைஞர்கள் கவிதை இப்படி இருக்கக்கூடாது என்று கிளம்பினார்கள். அரண்மனை மொழி வேண்டாம், அலங்காரம் வேண்டாம், சாதாரண ஆட்கள் பேசுகிற மொழியில், சாதாரண ஆட்களைப் பற்றி எழுதுவோம் என்றார்கள்.

1798-ல் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து 'லிரிக்கல் பேலட்ஸ்' என்ற தொகுப்பைப் போட்டார்கள். அதன் முதல் பதிப்பில் இருவர் பெயருமே இல்லை. 1800-ல் வந்த அடுத்த பதிப்பின் முன்னுரையில், தங்கள் கவிதைக்கு ஏன் மக்கள் பேசும் மொழியை எடுத்துக்கொண்டோம் என்று வேர்ட்ஸ்வொர்த் விளக்கினார். அன்றைய விமர்சகர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. பிச்சைக்காரனும் கிறுக்கனும் எல்லாம் கவிதைக்குள் வரலாமா என்று முகம் சுளித்தார்கள்.

இதே முகச்சுளிப்பை கானா பாட்டுக்காரர்கள் சென்னையில் பல தலைமுறையாகப் பார்த்து வருகிறார்கள்.

சாவு வீட்டுப் பாட்டு மேடைக்கு வந்த கதை

கானா என்பது வடசென்னையின் உழைக்கும் மக்கள் குடியிருப்புகளில் வளர்ந்த பாட்டு. சாவு வீட்டில் இரவெல்லாம் உட்கார்ந்து, இறந்தவரின் வாழ்க்கையைப் பாட்டாகக் கட்டிப் பாடுவது அதன் முக்கியமான வேர். ஷெல்லி தன் நண்பர் கீட்ஸ் இறந்தபோது 1821-ல் 'அடோனைஸ்' என்று ஒரு நீண்ட இரங்கற்பா எழுதினார், அது கல்லூரிப் பாடம் ஆனது. மரண கானா மட்டும் ரொம்ப நாளைக்கு 'குடிகாரன் பாட்டு' என்றே சொல்லப்பட்டது. சினிமா அதைக் குத்துப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டது, மரியாதையை மட்டும் தரவில்லை.

2017-ல் இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், பறை, சட்டி வாசிப்பவர்கள், கிட்டார் கலைஞர்கள் என்று ஆள் திரட்டினார்கள். 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' உருவானது. 2018 ஜனவரி 6-ம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. பெயருக்குக் காரணம் அயோத்திதாசப் பண்டிதர். நூறு வருஷத்துக்கு முன்பே சாதியற்ற தமிழர் என்று பேசியவர் அவர். இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, அம்பேத்கர் எல்லாம் பாட்டுக்குள் வந்தன. குழுவின் பாடகி இசைவாணி 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார்.

அந்தக் குழுவிலிருந்து வந்தவர்தான் அரக்கோணத்துக்காரர் அறிவு. 2019-ல் ஓஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம். பெயரிலேயே குறும்பு: திருக்குறளின் பக்கத்தில் தெருவின் குரலையும் உட்கார வைத்துவிட்டார்.

வயலில் பாடியவளின் பெயர் என்ன?

இங்கேதான் ஒப்பீடு சுவாரஸ்யமாகிறது. வேர்ட்ஸ்வொர்த்தின் 'தி சாலிட்டரி ரீப்பர்' பலரும் பள்ளி, கல்லூரியில் படித்ததுதான். ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் ஒரு பெண் தனியாகக் கதிர் அறுத்துக்கொண்டே பாடுகிறாள். கேட்கிறவருக்கு அவள் மொழி புரியவில்லை. என்ன பாடுகிறாள் என்று அவராகவே யூகிக்கிறார். கடைசியில் இசையை மனசில் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறார். அழகான கவிதை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண் யார், கூலி எவ்வளவு, நிலம் யாருடையது? ஒன்றும் தெரியாது.

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி'யை இதன் பக்கத்தில் வையுங்கள். தீயும் அறிவும் பாடிய, சந்தோஷ் நாராயணன் தயாரித்த அந்தப் பாட்டுக்குள்ளும் உழைக்கும் பெண் இருக்கிறார். அவருக்குப் பெயர் உண்டு: வள்ளியம்மாள், அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, சொந்தமாக ஒரு துண்டு நிலம்கூட இல்லாமல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அவர்களைக் கேட்டா முடிவு செய்தார்கள்? இல்லை. தோட்டம் போட்டவருக்கு நிலமில்லை என்ற அந்தப் பாட்டின் ஆதங்கம் இந்த வரலாற்றிலிருந்து வருவது.

அதாவது, கதிர் அறுத்த பெண்ணைப் பற்றி வழிப்போக்கர் எழுதியது ஒரு பாட்டு. அவளுடைய பேரனே எழுதியது இன்னொரு பாட்டு.

அப்படிப்பட்ட பேரன்கள் இங்கிலாந்தில் இல்லாமல் இல்லை. ராபர்ட் பர்ன்ஸ் ஸ்காட்லாந்து விவசாயி, தன் வட்டார மொழியிலேயே 1786-ல் கவிதைப் புத்தகம் போட்டார். ஜான் கிளேர் அவரைவிடவும் நமக்கு நெருக்கமானவர். 1793-ல் பிறந்த விவசாயக் கூலி. ஊர்ப் பொது நிலங்களை வேலி போட்டு அடைத்துத் தனியார் சொத்தாக்கும் சட்டம் 1809-ல் அவருடைய ஊரான ஹெல்ப்ஸ்டனுக்கும் வந்தது. மாடு மேய்த்த இடம், விளையாடிய மேடு எல்லாம் கைவிட்டுப் போனது. கிளேர் திரும்பத் திரும்பப் பாடியது அதைத்தான். 1820-ல் முதல் தொகுப்பு வந்ததும் 'குடியானவக் கவிஞர்' என்று லண்டன் கொண்டாடியது. கொஞ்ச நாளில் மறந்தும்விட்டது. பதிப்பாளர் அவருடைய வட்டாரச் சொற்களையும் எழுத்தையும் திருத்தினார். கடைசிக் காலம் மனநலக் காப்பகத்தில் கழிந்து, 1864-ல் இறந்தார்.

செங்கல்பட்டு எங்கே வருகிறது?

நிலம் என்றாலே செங்கல்பட்டைத் தொடாமல் பேச முடியாது. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், இங்கிருந்த தலித் மக்களின் நிலைமையை விரிவான அறிக்கையாக எழுதி அரசுக்கு அனுப்பினார். குடியிருக்கும் மனைகூடத் தங்களுக்குச் சொந்தமில்லாமல் பண்ணையாட்களாகக் கிடந்தவர்களின் கதை அது. அதைத் தொடர்ந்து 1892-ல் பிறந்த அரசாணைதான் பஞ்சமி நிலம். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. ஆனாலும் பெரும்பகுதி கைமாறிப் போனது.

அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு இதே மாவட்டத்தின் காரணை கிராம மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10-ம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் உயிரிழந்தார்கள். 2019-ல் 'அசுரன்' படம் வந்தபோது பஞ்சமி நிலம் என்ற சொல்லைப் பல இளைஞர்கள் முதல்முறையாகக் கூகுளில் தேடினார்கள். செங்கல்பட்டுக்காரர்களுக்கு அது புதுச் சொல் இல்லை.

ஷெல்லியையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1819 ஆகஸ்ட் 16-ம் தேதி மான்செஸ்டரில் ஓட்டுரிமை கேட்டுக் கூடிய மக்கள் மீது குதிரைப்படையை ஏவினார்கள். 'பீட்டர்லூ' என்று வரலாறு அதைச் சொல்கிறது. அப்போது இத்தாலியில் இருந்த ஷெல்லி கொதித்துப்போய் ஒரு கவிதை எழுதி அனுப்பினார். அரசு வழக்குப் போடும் என்ற பயத்தில் நண்பர் அச்சிடவில்லை. அது வெளியானது 1832-ல். ஷெல்லி கடலில் மூழ்கி இறந்தே 10 வருஷம் ஆகியிருந்தது. இன்றைய ராப் பாடகர் அச்சகத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ராத்திரி பாடிக் காலையில் யூடியூபில் ஏற்றிவிடலாம். 2019 கடைசியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகப் போராட்டங்கள் நடந்தபோது அறிவின் பாட்டு அப்படித்தான் போன் போனாகச் சுற்றியது.

இந்த இழையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் யாரென்று தேடினால், பாரதி. 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயரே வைத்துக்கொண்டவர். 1912-ல் வந்த 'பாஞ்சாலி சபத'த்தின் முன்னுரையில், எளிய சொல், எளிய நடை, பொதுமக்கள் விரும்பும் மெட்டு இவற்றில் காவியம் செய்பவரே தாய்மொழிக்கு உயிர் தருபவர் என்ற கருத்தில் எழுதினார். வேர்ட்ஸ்வொர்த்தின் முன்னுரையும் இதுவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

மேடை யாருக்கு?

மறுபடி மாமல்லபுரம். டிசம்பர், ஜனவரி வந்தால் இங்கே அரசின் இந்திய நாட்டிய விழா. கொஞ்சம் வடக்கே கோவளத்தில் 2013 முதல் அலைச்சறுக்கும் இசையும் சேர்ந்த திருவிழா ஒன்றை நடத்தினார்கள். மீனவக் குடும்பத்துப் பையன்கள் பலகையில் நின்று அலை ஏற, மாலையில் சுயாதீன இசைக் குழுக்கள் வாசிக்கும். ரொமான்டிக் கவிஞர்களுக்குக் கடல் என்பது பிரமிப்பு, கரையில் நின்று பார்க்கும் விஷயம். இந்தப் பையன்களுக்குக் கடல் அப்பாவின் வேலைக்களம். அதே அலையில் விளையாடவும் செய்கிறார்கள்.

2022 ஜூலையில் 44-வது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்துக்கு வந்தது. சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் நடந்த தொடக்க விழாவில் 'எஞ்சாயி எஞ்சாமி'யைத் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அங்கே இல்லை, அமெரிக்காவில் இருந்தார். சில நாள் கழித்து, இந்தப் பாட்டுக்கான தன் உழைப்பு மறைக்கப்படுகிறது என்ற வருத்தத்தை இன்ஸ்டாகிராமில் எழுதினார். இது கூட்டு உழைப்பு, அறிவுக்கான மரியாதையை எப்போதும் தந்திருக்கிறோம் என்று தீயும் சந்தோஷ் நாராயணனும் பதில் சொன்னார்கள். அதற்கு முந்தைய வருஷம் ஒரு பிரபல இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் படம் இல்லாமல் போனதும், ரஞ்சித் அதைக் கண்டித்ததும், பிறகு அறிவுக்குத் தனி டிஜிட்டல் அட்டை வந்ததும் நினைவிருக்கலாம்.

யார் பக்கம் நியாயம் என்று ரசிகர்கள் இன்னும் கமென்ட்டில் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் கேள்வி பழையது. ஜான் கிளேரின் சொற்களை லண்டன் பதிப்பாளர் திருத்தியபோது எழுந்த கேள்விதான்: உழைக்கிற மக்களின் பாட்டு சந்தைக்கு வரும்போது, பேர் யாருக்கு, காசு யாருக்கு? காசைப் பொறுத்தவரை 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ போட்டார். கோடிக்கணக்கில் பார்க்கப்பட்ட அந்தப் பாட்டிலிருந்து தனக்கும் மற்ற கலைஞர்களுக்கும் வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்றார்.

அப்போ ஒப்பீடு முழுசா பொருந்துமா?

பொருந்தாது. வேர்ட்ஸ்வொர்த்தும் ஷெல்லியும் படித்த, வசதியான குடும்பத்துப் பிள்ளைகள். ஷெல்லியின் அப்பா பட்டம் பெற்ற நிலக்கிழார். அவர்கள் கீழே குனிந்து ஏழையின் குரலைக் கேட்டார்கள், அது பெரிய விஷயம்தான். தனிமை, தனிமனித மேதை என்பதும் அவர்களுக்குப் பிடித்த சரக்கு. கானாவும் பறையும் கூட்டத்தில் பிறப்பவை. நடுவீட்டில் பிணம் கிடக்க, சுற்றி நாலு பேர் தாளம் போட, ஒருத்தர் எடுத்துக் கொடுக்க இன்னொருத்தர் பாடுவார். அதில் எந்த வரி யாருடையது என்று பிரிப்பதே கஷ்டம், காப்புரிமைச் சிக்கலில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. தவிர, இங்கிலாந்தில் வர்க்கம் இருந்தது. சாதி இல்லை. குடியானவன் என்று கிளேரை விருந்துக்குக் கூப்பிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பறையடித்தவரை இங்கே தெருவுக்குள்ளேயே விடவில்லை.

அறிவு 2024-ல் அடுத்த ஆல்பத்தை வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'.