போத்தலில் ஒட்டிய ஒரு சொல்

குளிசை விழுங்க மறுக்கும் பிள்ளைக்குப் பாணி மருந்து கொடுப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். 1937இல் அமெரிக்காவின் மாசங்கில் என்னும் மருந்துக் கம்பனியும் இந்தத் தேவையை நினைத்தே ஒரு பாணியைத் தயாரித்தது. சல்பனிலமைட் அக்காலத்தில் தொண்டை அழற்சி போன்ற கிருமி நோய்களைக் குணமாக்கிய நல்ல மருந்து. ஆனால் அது தண்ணீரில் எளிதில் கரையாது. டைஎதிலீன் கிளைக்கோல் என்ற திரவத்தில் கரைந்தது. றாஸ்பெரிப் பழச் சுவையும் சேர்த்தார்கள். நிறம், மணம், சுவை எல்லாம் பார்த்தார்கள். உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்பதை மட்டும் பார்க்கவில்லை.

அந்தத் திரவம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. குடித்தவர்களுக்குச் சிறுநீர் நின்றது, வயிறு வலித்தது. நாட்கணக்காக வேதனைப்பட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் சிறு பிள்ளைகள்.

இதற்குக் கம்பனி என்ன பதில் சொன்னது? தம்மீது பொறுப்பு ஒன்றும் இல்லை என்றார் அதன் உரிமையாளர். சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. விற்கும் முன் சோதிக்க வேண்டும் என்று 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. அரசு பிடித்துக்கொண்டது லேபிளில் இருந்த ஒரு சொல்லைத்தான். 'எலிக்சர்' என்றால் மதுசாரம் கலந்த மருந்து. இதில் மதுசாரம் இல்லை. ஆகவே பெயர் பொய். 'கரைசல்' என்று எழுதியிருந்தால் அந்தப் போத்தல்களைக் கைப்பற்றவே வழி இருந்திராது. நூறு உயிருக்கு மேல் போனது. தண்டமோ தவறான பெயருக்காக, சுமார் 26,000 டொலர்.

தயாரித்த 240 கலனில் 234 கலன் மீட்கப்பட்டது. பரிசோதகர்கள் கடைப் பற்றுச்சீட்டுகளையும் வைத்தியர்களின் குறிப்புகளையும் வைத்து வீடு வீடாகத் தேடினார்கள். மருந்து பாதுகாப்பானது என்று காட்டும் கடமை கம்பனிக்கே என்ற சட்டம் 1938இல் வந்தது.

ஆனாலும் இதே நஞ்சு திரும்பவும் வருகிறது. பாணியில் சேர்க்கும் கிளிசரீனுக்குப் பதிலாக விலை குறைந்த இது கலந்துவிடுவதுண்டு. 2022இல் ஆபிரிக்காவின் காம்பியாவில் ஏறக்குறைய 70 பிள்ளைகள் சிறுநீரகம் பழுதடைந்து இறந்தார்கள். இந்தியாவில் தயாரான நான்கு பாணிகளில் இந்த நஞ்சு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தமது சோதனையில் அப்படி எதுவும் இல்லை என்றது இந்திய அரசு. பெற்றோரோ யாரிடம் போய்ப் பதில் கேட்பது?

இத்தகைய வழக்கில் முதலில் கேட்கப்படும் சாட்சி போத்தல்தான். நாமோ அதைக் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி விளக்காக்கி விடுவோம்! இடம்பெயர்ந்து வந்த வீடுகளில் வெறும் போத்தலுக்கும் மதிப்பு உண்டு, அது நமக்குத் தெரியும். ஆனால் பிள்ளை சுகமாகும்வரையாவது மீதிப் பாணியையும் லேபிளோடு போத்தலையும் வைத்திருங்கள். அதில் தொகுதி இலக்கம் இருக்கும். கடைத் துண்டையும் எறியாதீர்கள். பாணி குடித்த பிள்ளைக்குச் சிறுநீர் குறைந்தால், வாந்தி நிற்காவிட்டால், விடியும்வரை காத்திராமல் பிள்ளையோடு அந்தப் போத்தலையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.